லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பள்ளிச் சேர்க்கை நேரம் வந்துவிட்டது. கேரள எல்லையில் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துக்காரர்கள் பிள்ளையைக் கோயம்புத்தூரில் சர்வதேசப் பள்ளியில் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் அந்த மாதிரி ஒரு பள்ளியில் வேதியியல் எடுப்பவன் என்பதால். நீச்சல் குளம் உண்டா, பஸ் ஏசியா, இங்கிலீஷ் நன்றாக வருமா, இதெல்லாம் கேட்கிறார்கள். லேப் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் பெரிய ஆதங்கம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பள்ளிகள் பலவற்றில் நடத்தும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம். அதில் பத்தாம் வகுப்பு அளவில் எழுதுகிற, 1988-லிருந்து நடக்கும் ஐஜிசிஎஸ்இ தேர்வில் எனக்குப் பிடித்தது அது கேள்வி கேட்கிற விதம். என்ன நடந்தது என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பெண், ஏன் நடந்தது என்று சொன்னால்தான் அடுத்த மதிப்பெண். மனப்பாடம் பாதி வழிதான் கூட வரும். பழைய வினாத்தாள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் மார்க் ஸ்கீம், பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று தேர்வாளர்கள் எழுதும் அறிக்கை எல்லாமே கிடைக்கிறது, வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் அறிவியலில் ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். செய்முறைக்கு இரண்டு வழி இருக்கிறது. பேப்பர் 5 என்றால் பிள்ளை லேபில் நின்று சோதனையைச் செய்து எழுத வேண்டும். பேப்பர் 6 என்றால் அதற்கு மாற்று, ஒரு மணி நேரத் தாள், 40 மதிப்பெண், எல்லாம் காகிதத்தில்தான். இரண்டில் எதை எழுதினாலும் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். பேப்பர் 6 எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை, லேபில் செய்து பழகிய பிள்ளைக்கு அது எளிது, அப்படிப் பழக வேண்டும் என்றுதான் பாடத்திட்டமே எதிர்பார்க்கிறது. பல பள்ளிகள் பேப்பர் 6-தானே என்று லேபைப் பூட்டிவிடுவதுதான் தப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் விருந்தினர் வரும்போது மட்டும் லேபுக்கு விளக்குப் போடுவார்கள். அமிலக் குப்பியின் மூடி உடையாமலே இருந்தது. கேட்டால், பழைய வினாத்தாள் போட்டுக்கொடுங்கள் சார், போதும் என்றார்கள்.

அது போதாது என்பது பிள்ளையின் விடைத்தாளிலேயே தெரியும். பியூரெட் என்பது திரவத்தை அளந்து விட அடியில் குழாய் வைத்த நீளக் கண்ணாடிக் குழல். அதில் பூஜ்யம் மேலே இருக்கும், எண்கள் கீழே போகப் போகக் கூடும். அளவு ஜாடியில் நேர் தலைகீழ். பியூரெட்டைக் கையால் தொட்ட பிள்ளைக்கு இது சொல்லியே தர வேண்டாம், குழாயைத் திறந்தால் திரவம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறதே. படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை 23.4 என்று எழுத வேண்டிய இடத்தில் 24.6 என்று எழுதும். கெட்டிக்காரப் பிள்ளைகளே அப்படி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது இருக்கும் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நொதித்தல் பாடம். குளுக்கோஸ் கரைசல், ஈஸ்ட், 25 முதல் 35 டிகிரி வெப்பம், ஆக்சிஜன் கூடாது, சர்க்கரை சாராயமாகும், கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், இவ்வளவுதான் புத்தகத்தில். வகுப்பில் ஒரு பெண், சித்தூர்ப் பக்கம் கள்ளு இறக்குகிற ஊர்க்காரி. சார், எங்க அப்புச்சி பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா தெளுவு, தடவலைன்னா கள்ளுன்னு சொல்வாரு, அது இதுதானா என்று கேட்டாள். தெளுவு என்றால் பதநீர். இதுதான். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும். சரி, செய்து பார்ப்போம் என்று இரண்டு குடுவையில் வெல்லத் தண்ணீரும் ஈஸ்ட்டும் வைத்து, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு போட்டோம். இரண்டிலிருந்தும் குழாய் வைத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டோம். போடாத குடுவையின் குழாயில் குமிழ் வந்து நீர் பால் மாதிரி ஆனது, போட்டதில் ஒன்றும் வரவில்லை.

எல்லாரும் முடிந்தது என்று நோட்டை மூடும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், சார், கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே வந்து அதை அந்தச் சுண்ணாம்பே இழுத்திருந்தா என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நியாயமான சந்தேகம், குழாயில் குமிழ் வராததை மட்டும் வைத்து ஈஸ்ட் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாதே. அப்புறம் மறுநாள் வரை வைத்திருந்து நுரையையும் வாடையையும் பார்த்தோம். சுண்ணாம்பு போட்டதில் நுரையும் இல்லை, சாராய வாடையும் இல்லை. எந்தப் பழைய வினாத்தாளைப் போட்டுக்கொடுத்திருந்தாலும் அந்தப் பையனுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்று ஒரு பாடம் உண்டு, அதில் ஒரு பிரச்சினையைப் பல தரப்பிலிருந்தும் பார்த்துத் தனி அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலும் இன்டர்நெட்டில் எடுத்த அமேசான் காடு, பனிக்கரடி. நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடும் கேரளாவும் தண்ணீர் பங்கிடும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இருக்கிறதே. 1970 ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பி நெல் போட்ட தாத்தா இங்கே, அதே திட்டத்துத் தண்ணீரில் தென்னை வளர்க்கும் மாமா பொள்ளாச்சியில். இருவரிடமும் தமிழில் கேட்டு வந்து இங்கிலீஷில் எழுதட்டும். இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் கிடைக்கிற பிள்ளை உலகத்தில் எத்தனை பேர்?

நீட் என்ன ஆகும் என்பார்கள். ஐந்து பாடத்தில் சி கிரேடுக்குக் குறையாமல் ஐஜிசிஎஸ்இ முடித்தால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் அதைப் பத்தாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. இந்தியப் பள்ளிகளுக்கு மார்ச்சிலேயே தேர்வு எழுத வழி இருப்பதால் பதினொன்றாம் வகுப்புக்கு மாறுவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் நீட், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டி வருவது, அதற்குத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். டாக்டர் ஒன்றுதான் கனவு என்றால் சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடம் போதும், கடன் வாங்கி இங்கே வராதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுக் கட்டணம் வேறு தனி, சேர்க்கையின்போது அதைச் சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு.

சேர்க்கிறது என்று முடிவு செய்துவிட்டால், கட்டடம் சுற்றிக் காட்டும்போது லேபைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகள் போன வருடம் செய்த சோதனைகளின் நோட்டைக் கேளுங்கள். பேப்பர் 5-ஆ 6-ஆ என்று கேளுங்கள், 6 என்றால் வாரத்துக்கு எத்தனை பீரியட் லேபில் என்று கேளுங்கள். நோட்டில் கறையும் அடித்தலும் இருந்தால் நல்லது. நோட்டே இல்லை, அப்புறம் அனுப்புகிறோம் என்றால் பணத்தைக் கட்டாமல் அடுத்த பள்ளியைப் போய்ப் பாருங்கள்.