செயலிப் போட்டிகளுக்குப் போங்கள், பரிசுத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள்

மொபைல் செயலி செய்து தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், இந்த ஸ்டார்ட்அப் போட்டிக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை அந்த நேரத்தில் வேலையைப் பார்க்கலாமா?" இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மேடையில் கைதட்டல்தான் கிடைக்கும், வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார், போய் விற்கிற வழியைப் பார் என்பார்கள். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே நாலு பேரைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லிவிடலாம். தென்காசியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து செயலி எழுதுகிற ஒருவர், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவரிடம் பத்து நிமிடம் பேச வேண்டுமென்றால் எந்த வாசலில் போய் நிற்பார்?

நான் போட்டிகளின் கட்சி. கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். கல்லூரிகளும், புதிய நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் தந்து வளர்த்துவிடும் இன்குபேட்டர்களும் கூப்பிட்டால் நடுவராகப் போய் உட்காருவதும் உண்டு. அந்த மேசையிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

போட்டியால் கிடைக்கும் முதல் லாபம் மேடை ஏறும் முன்பே, விண்ணப்பப் படிவத்திலேயே கிடைத்துவிடுகிறது. "உங்கள் வாடிக்கையாளர் யார்?" என்ற கட்டத்தில் "அனைவரும்" என்று எழுதியிருந்தால் எனக்கு அங்கேயே பாதி ஆர்வம் போய்விடும். அதைவிடக் கடினமான கேள்வி அடுத்தது: "இந்தச் சிக்கலை அவர் இப்போது எப்படிச் சமாளிக்கிறார்?" இதற்கு நேர்மையாகப் பதில் எழுத உட்கார்ந்தால் பல அணிகளுக்கு வியர்க்கும். நம் ஊரில் பெரும்பாலான செயலிகளுக்குப் போட்டி இன்னொரு செயலி கிடையாது. கடைக்காரரின் சிவப்பு அட்டை நோட்டு, வாட்ஸ்அப் குழு, ஒரு மிஸ்டு கால், இவைதான் போட்டி. இவை செலவில்லாதவை, பழகிப்போனவை. இவற்றை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வர வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதத் தெரிந்தவருக்கு, பரிசு கிடைக்காவிட்டாலும் அந்தப் படிவம் வேலை செய்துவிட்டது. கடைசித் தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் இதை யாரும் உட்கார்ந்து எழுதவே மாட்டார்கள்.

இரண்டாவது லாபம், நண்பர்கள் சொல்லத் தயங்குவதை முகத்துக்கு நேரே சொல்ல ஓர் அந்நியர் கிடைப்பது. மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த போட்டி. மல்லிகை விவசாயிகளுக்குச் சந்தை விலையை உடனுக்குடன் சொல்லும் செயலியோடு ஓர் அணி வந்திருந்தது. நல்ல யோசனைதான், முகூர்த்த நாள் வந்தால் மல்லிகை விலை எங்கேயோ ஏறும், மறுநாளே தரைக்கு இறங்கும். ஸ்லைடுகள் அழகாக இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் தொலைத்தொடர்புத் துறையில் தலை நரைத்தவர். அவர் கேள்வியே கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, "இதில் ஏற்றிக் காட்டுங்கள்" என்று நீட்டினார்.

செயலி பதிவிறங்குவதற்குள் அவர்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டது. "இடம் போதவில்லை" என்று போன் சொன்னது. அவர் தன் பேரன் படங்கள் சிலவற்றை அழித்துக் கொடுத்தார். ஒருவழியாகத் திறந்தால், முதல் திரையே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டது. "விடிவதற்குள் பூப்பறிக்கப் போகிற அம்மாவுக்கு மின்னஞ்சல் எதற்கு?" என்றார். அரங்கில் சிரிப்பு. அணியில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அன்று அவர்களுக்குப் பரிசு இல்லை. பிறகு ஒருமுறை அந்தப் பெண்ணைச் சந்தித்தபோது, செயலியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய விலையைக் குரலில் சொல்லும்படி மாற்றியிருப்பதாகச் சொன்னார். கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் ஓராண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பழைய போன் அவர்கள் கைக்கு வந்திருக்காது.

இதே விலைச் சிக்கலை கென்யாவில் எம்-ஃபார்ம் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. மூன்று இளம்பெண்கள் தொடங்கியது. இடைத்தரகர் சொல்வதே விலை என்றிருந்த விவசாயிகளுக்குச் சந்தை விலையை எஸ்எம்எஸ் வழியாகத் தருவது யோசனை. 2010இல் நைரோபியில் நடந்த ஐபிஓ48 என்ற 48 மணி நேரப் போட்டியில் வென்று 10,000 யூரோ பெற்றார்கள். ஸ்மார்ட்போன் எல்லோர் கையிலும் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். முதலீட்டாளருக்கு அந்தத் தொகை சில்லறை. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு அது வீட்டில் காட்டுவதற்கான சான்றிதழ். நம் வீடுகளில் இதன் மதிப்பு இன்னும் அதிகம். மகன் ஐடி வேலையை விட்டுவிட்டு "ஏதோ ஆப்" செய்கிறான் என்று புலம்பும் அப்பா, காசோலையோடு மகன் நிற்கும் படம் நாளிதழில் வந்தால் ஆறு மாதமாவது வாயைத் திறக்க மாட்டார். அந்த ஆறு மாதத்துக்கு விலை போட முடியாது.

மொபைல் துறையின் போட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கூகுள் நடத்திய ஆண்ட்ராய்டு டெவலப்பர் சேலஞ்ச். 2007 நவம்பரில் அறிவித்தார்கள். இரண்டு கட்டங்களுக்குமாக ஒதுக்கிய தொகை 1 கோடி டாலர். வேடிக்கை என்னவென்றால், அப்போது கடையில் ஓர் ஆண்ட்ராய்டு போன்கூடக் கிடையாது. முதல் போன் 2008 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது. கணினித் திரைக்குள் ஓடும் பாவனைப் போனை நம்பி, முதல் கட்டத்துக்கு 1,788 செயலிகளை எழுதி அனுப்பினார்கள். முதலில் தேறிய 50 அணிகளுக்குத் தலா 25,000 டாலர். இறுதியில் 10 அணிகளுக்குத் தலா 2,75,000 டாலர், இன்னும் 10 அணிகளுக்குத் தலா 1,00,000 டாலர்.

கூகுள் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. வரப்போகும் போனில் ஓடுவதற்குச் செயலிகள் வேண்டும், அவற்றை எழுத ஊர் உலகத்து ஆட்கள் வேண்டும். நடத்துகிறவரின் தேவை இவ்வளவு பச்சையாகத் தெரிகிற போட்டிதான் பங்கேற்பவருக்கும் நல்லது. நீங்கள் ஜெயிப்பதில் அவருக்கும் லாபம் இருக்கிறது. அன்று பெரிய பரிசு வாங்கிய பத்தில் ஒன்று லைஃப்360. குடும்பத்தினர் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் செயலி. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலில் குடும்பங்கள் சிதறியதைப் பார்த்து எழுந்த யோசனை. 2019இல் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையிலும் 2024இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையிலும் அந்த நிறுவனம் பட்டியலிடப்பட்டது. அதே பத்தில் இருந்த வேறு பல பெயர்களை இன்று வலைபோட்டுத் தேட வேண்டும்.

ஆகவே எந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, முடிவில் மேடையில் நிற்கப்போவது யார் என்பதை. வாங்குகிறவரா, முதலீடு செய்கிறவரா, பொன்னாடை போர்த்துகிறவரா? வாங்குகிறவர் நிற்கும் போட்டிக்குத்தான் என் ஓட்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உள்நாட்டு வீடியோ கான்பரன்சிங் செயலிக்காக ஒரு போட்டி அறிவித்தது. ஏறத்தாழ 2,000 விண்ணப்பங்கள் வந்தன. யோசனை, மாதிரி, முழுத் தயாரிப்பு என்று கட்டம் கட்டமாக வடிகட்டினார்கள். நடுவில் தேறியவர்களுக்கும் வேலையைத் தொடரப் பணம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் வென்றது பெங்களூரும் இல்லை, ஹைதராபாத்தும் இல்லை. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் சேர்த்தலை இன்ஃபோபார்க் மென்பொருள் பூங்காவில் இயங்கிய டெக்ஜென்ஷியா என்ற சிறு நிறுவனம், வீகன்சால் என்ற தயாரிப்போடு. பரிசு ₹1 கோடி. அதைவிடப் பெரியது, அரசு அலுவலகங்கள் பயன்படுத்துவதற்காகக் கிடைத்த ஒப்பந்தம். ஒரு சிறு நிறுவனம் அரசு டெண்டர் வழியாக அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் முந்தைய ஆண்டுகளின் வரவுசெலவு, முன்வைப்புத் தொகை, அனுபவச் சான்று என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு போட்டி. 59 சீனச் செயலிகளைத் தடை செய்த அதே வாரத்தில் ஆத்மநிர்பர் பாரத் செயலிப் போட்டியை அறிவித்தார்கள். 6,940 விண்ணப்பங்கள், 24 செயலிகளுக்குப் பரிசு, முதல் பரிசு ₹20 லட்சம். பரிசு பெற்றவற்றில் கூ என்ற சமூக வலைத்தளமும் ஒன்று. அதற்குப் பிறகு அதற்குக் கிடைத்த விளம்பரமும் முதலீடும் கொஞ்சமல்ல. 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். பரிசு கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போய்க் குடித்தனம் நடத்துவதற்கான வருமானத்தை அது தராது. அதே பட்டியலில் ஸோஹோ போன்ற வளர்ந்த நிறுவனத்தின் தயாரிப்புகளும் இருந்தன என்பதையும் சொல்லிவைக்கிறேன். நாம் மோதப்போவது யாரோடு என்பதை விதிமுறையில் படித்துவிட்டுக் களத்தில் இறங்குவது நல்லது.

இனி கோபத்தோடு எழுத வேண்டிய பகுதி. நுழைவுக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஓட்டல் அரங்கில் வரிசையாக எல்லோருக்கும் ஏதாவது ஒரு "சிறந்த" விருது கொடுத்து அனுப்பும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. அது போட்டி அல்ல, கோப்பை வியாபாரம். உங்கள் நிறுவனத்துக்கு விருது கிடைத்திருக்கிறது, மேசைக்கு மட்டும் பணம் கட்டுங்கள் என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். இன்னொரு வகை, விதிமுறையின் அடியில் "சமர்ப்பிக்கப்படும் யோசனைகளின் உரிமை அமைப்பாளருக்கே" என்று எழுதிவைப்பது. இருபத்திநான்கு மணி நேரம் கண்விழித்து மாணவர்கள் எழுதிய நிரலை ஒரு சான்றிதழுக்கும் ஒரு டி-ஷர்ட்டுக்கும் வாங்கிக்கொள்ளும் வேலை இது. "பரிசுத் தொகை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அது பணமாக இல்லாமல் கிளவுட் சர்வர் கிரெடிட்டாகவும் (வாடகை சர்வரை அந்தத் தொகை அளவுக்கு இலவசமாகப் பயன்படுத்தும் சலுகை) அலுவலக இருக்கையாகவும் வருவது மூன்றாவது வகை. கிரெடிட் பயனுள்ளதுதான், சர்வர் செலவு குறையும். ஆனால் அதை வைத்து யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. தரும் பணத்துக்கு ஈடாக உங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்கிறார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ஜெயித்த பிறகு மேடையில் கேட்க முடியாது.

காப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருளை மட்டும் தனியாக வைத்து இந்தியாவில் காப்புரிமை வாங்க முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு அதை விலக்குகிறது. ஆனால் உங்கள் செயலியோடு ஒரு கருவியோ சென்சாரோ சேர்ந்திருந்தால் விஷயம் வேறு. மேடையில் எல்லார் முன்னிலும் விளக்கிய பிறகு "புதியது" என்று கோருவது சிக்கலாகிவிடும். முன்கூட்டியே தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறது. கருவியோடு போட்டிக்கு வரும் அணிகளில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுப்பாரும் இல்லை.

அப்புறம், வருடம் முழுக்கப் போட்டிகளாகவே சுற்றும் அணிகள் உண்டு. ஒரே பத்து ஸ்லைடு, ஒரே சிரிப்பு, ஊர் மட்டும் மாறும். நடுவர்களுக்கே அவர்கள் முகம் மனப்பாடம். போன முறை சொன்ன பயனாளர் எண்ணிக்கையே இந்த முறையும் ஸ்லைடில் இருந்தால் என் மதிப்பெண் தானாக இறங்கிவிடும்.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில், தமிழ் விவசாயிக்கும் தமிழ் வியாபாரிக்கும் செய்த செயலியை, தமிழ் தெரிந்த நடுவர்கள் முன்னால், மூன்று நிமிட ஆங்கிலத்தில் விளக்கச் சொல்கிறோம். கேள்வி நேரத்தில் ஒரு நடுவர் தமிழில் பேச்சுக் கொடுத்தால் போதும், அதுவரை திக்கிக்கொண்டிருந்த பையன் வாடிக்கையாளரின் பெயர், ஊர், அவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நஷ்டம் என்று மடமடவெனக் கொட்டுவான். மதிப்பெண் போடுவதற்கு வேண்டிய விஷயம் எல்லாம் அதில்தான் இருக்கும். வெளிநாட்டு முதலீட்டாளரிடம் ஆங்கிலத்தில் பேசத்தான் வேண்டும், அதை அப்புறம் சொல்லிக்கொடுத்துவிடலாம். முதல் சுற்றையாவது விருப்பப்பட்ட மொழியில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்து என்னை நடுவராகக் கூப்பிடும் கல்லூரியிடம் இதைத்தான் நிபந்தனையாகச் சொல்லப்போகிறேன், பயணப்படி வேண்டாம்.