ஷெரிஃப் ஆர்பையோ கதை தெரியுமா?

கீழே ஒருவர், "தப்பு செய்யாதவன் போலீஸைப் பார்த்து ஏன் பயப்படணும், இனம் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் சும்மா" என்று எழுதியிருக்கிறார். அவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மேரிகோபா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 24 வருஷம் ஷெரிஃபாக, அதாவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவராக இருந்த ஜோ ஆர்பையோவைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்கலாம். 2007-ல் அவருடைய ஆட்கள் ஒரு காரை நிறுத்தி, வண்டி ஓட்டிய வெள்ளைக்காரரை அனுப்பிவிட்டு, கூட வந்த மெக்சிகோ சுற்றுலாப் பயணியை, விசா கையில் இருந்தும், மணிக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். அந்தப் பயணி போட்ட வழக்கு பெரிதாகி, லத்தீன் அமெரிக்க இனத்தவரா என்று பார்த்து மடக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என 2013-ல் தீர்ப்பு வந்தது. சரி, ஆர்பையோ அடங்கினாரா? 2011-லேயே கோர்ட் போட்ட தடை உத்தரவை மதிக்காமல் பல மாதம் அதே வேலையைத் தொடர்ந்திருக்கிறார்!

அதை விடுங்கள், தன்னை விமர்சித்து எழுதிய பத்திரிகையின் முதலாளிகள் இரண்டு பேரை அதே 2007-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் கைது செய்தார்கள், அதற்குப் பின்னாளில் கவுண்டி கொடுத்த இழப்பீடு 37.5 லட்சம் டாலர், அதாவது மக்களின் வரிப்பணம். அந்தத் தடை உத்தரவை மீறியதற்காக 2017 ஜூலையில் ஆர்பையோ நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை அறிவிப்பதற்குள், ஆகஸ்டிலேயே டிரம்ப் மன்னித்துவிட்டார். இத்தனைக்கும் ஆர்பையோவை ஆறு தடவை ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்ததும் அந்த ஊர்க்காரர்கள்தான்.