கஜாவை விட்டுவிட்டு எழுதுங்கப்பா

நம் ஊரில் காலேஜ் சேர்வதென்றால் எண்தான். இன்ஜினியரிங்குக்கு 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப், டாக்டருக்கு நீட்டில் 720-க்கு எவ்வளவு. நீ யார், எதைப் பார்த்து வளர்ந்தாய் என்று எந்தக் கவுன்சிலிங்கிலும் கேட்பதில்லை. அதனால் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை 'உன்னைப் பற்றி எழுது' என்ற இடத்துக்கு வந்ததும் திகைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரை 650 சொல்லைத் தாண்டக் கூடாது.

மன்னார்குடி, பேராவூரணி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தச் சொல்லி எனக்கு அனுப்புகிறார்கள். பாதிக்கு மேல் கஜா புயல்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை, ஓடு பறந்தது, தென்னை சாய்ந்தது, அப்பா அழுதார், அன்றே நான் சாதிக்க முடிவெடுத்தேன். எழுதுகிறவனுக்கு அப்போது பத்து வயதுகூட இருந்திருக்காது. பள்ளிக்கூடம் லீவு என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பான். (அதை எழுதினால்கூட நான் ஆர்வமாகப் படிப்பேன்.)

புயல் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். விழுந்த மரத்துக்குப் பதிலாக வைத்த கன்று பாளை விடும்வரை அந்த வீடு எதை வைத்து ஓடியது? நடுவில் ஊடுபயிராக என்ன போட்டார்கள்? அண்ணன் திருப்பூருக்குப் போனானா, அம்மா நகையை எப்போது மீட்டார்? இந்தப் பிள்ளைகள் வளர்ந்ததே அந்த வருஷங்களில்தான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காற்றடித்த ஒரு ராத்திரி மட்டும் 400 சொல்லுக்கு இருக்கிறது.

'உங்க கஷ்டத்தை எழுதுங்க, அதுதான் எடுபடும்' என்று சொல்லிக்கொடுக்கிற கன்சல்டன்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு பிள்ளையின் அழுகையை விற்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. முன்னுரை, உள்தலைப்பு, நடுவில் ஒரு குறள், முடிவுரை என்று கைடைப் பார்த்து எழுதி மார்க் வாங்கிய கை, 'நான்' என்று தொடங்கவே கூசுகிறது.

போன வருஷம் ஒரு பெண்ணும் இப்படித்தான் புயலை எழுதிக்கொண்டு வந்தாள். பேச்சுவாக்கில் வேறொன்று சொன்னாள். அவள் அப்பா நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் இவ்வளவு என்பாராம். கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள்; திரும்பக் கொட்டிக் காயவைக்க வேண்டும். அப்பா சொன்னதையும் மீட்டர் காட்டியதையும் இவள் நோட்டில் எழுதிவைத்து, எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்திருக்கிறாள். படிக்க விரும்புவது புள்ளியியல்.

"இதையெல்லாம் எழுதலாமா டீச்சர்?"

"இதைத்தான்டி எழுதணும்."

எழுதினாள். முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். எல்லாருக்கும் நான் சொல்வது அதுதான். இங்கிலீஷிலேயே யோசித்தால் எங்கேயோ படித்த வரிகள்தான் முதலில் வரும். சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் அதுவும் கஜாவைத்தான் எழுதும், இன்னும் பளபளப்பாக. ஏஐ எழுதியதைத் தன்னுடையது என்று அனுப்புவதை காமன் ஆப் மோசடியாகவே கணக்கில் எடுக்கிறது.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே ஒரே ஒரு நீண்ட கட்டுரை என்பது கிடையாது. மூன்று கேள்வி, மொத்தம் 4000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஏன் இந்தப் பாடம், அதற்குப் படிப்பில் எப்படித் தயாரானாய், படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். புயலில் ஓடு பறந்ததை எங்கே நுழைப்பீர்கள்? நெல் ஈரத்தைக் கணக்கெழுதியவளுக்கு மூன்றாவது கேள்விக்கு நோட்டே கையில் இருக்கிறது.

காமன் ஆப் ஆகஸ்ட் 1-ல் திறக்கும். முன்கூட்டியே முடிவு சொல்லும் கல்லூரிகள் பலவற்றுக்கு நவம்பர் 1 கெடு. அது நமக்கு ஐப்பசி அடைமழை, கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது. புரட்டாசிக்குள் எழுதி முடித்துவிடுங்கள். எனக்கு அனுப்புகிறவர்கள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் டைப் செய்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.