வறுவலுக்குக் கிடைத்த விடுதலை

(இடம்: வாஷிங்டனில் பிரதிநிதிகள் அவையின் லாங்வொர்த் அலுவலகக் கட்டடத்து உணவகம். காலம்: 2006-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், உணவகம் திறப்பதற்கு முந்திய காலைப்பொழுது. பல ஆண்டுகளாக அங்கே எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்கும் சமையல்காரர் முக்காலியின் மேல் ஏறி, உணவுப் பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்த பெண் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.)

கல்லாப் பெண்: ஐயா, இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் சுரண்டுகிறீர்கள்? உருளைக்கிழங்கு வறுவலுக்கு 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்', அதாவது சுதந்திர வறுவல், என்ற பெயர் நன்றாகத்தானே இருக்கிறது?

சமையல்காரர்: இனிமேல் பழையபடி 'ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்' என்றே இருக்கட்டுமாம். அதையும் காதோடு காதாகத்தான் சொன்னார்கள், அம்மா. 2003 மார்ச் 11-ஆம் தேதி பெயர் மாறிய அன்றைக்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும். அவை நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த பாப் நேயும், வட கரோலினாவிலிருந்து தேர்வான வால்டர் ஜோன்ஸும் முன்னால் நிற்க, தொலைக்காட்சிக் கேமராக்கள் என் எண்ணெய்ச் சட்டி வரைக்கும் வந்துவிட்டன. நான் வறுத்த கிழங்கை நாடே பார்த்தது; வறுத்தவனை மட்டும் ஒருவரும் காட்டவில்லை.

கல்லாப் பெண்: பெயரோடு சேர்த்துச் செய்முறையையும் மாற்றினீர்களா?

சமையல்காரர்: அதே கிழங்கு, அதே எண்ணெய், அதே உப்பு. சுதந்திரம் கிடைத்துவிட்டதாக அறிவித்த பிறகும் அது கொதிக்கும் எண்ணெயில்தான் விழுந்தது.

கல்லாப் பெண்: அப்படி என்னதான் குற்றம் செய்தார்கள் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்?

சமையல்காரர்: ஈராக்கின் மேல் படையெடுக்க ஐ.நா. பாதுகாப்பு அவையில் தலையாட்ட மறுத்தார்கள். பிப்ரவரி 14-ஆம் தேதி அவர்களுடைய வெளியுறவு அமைச்சர் டொமினிக் த வில்பன், ஆயுதம் தேடும் ஆய்வாளர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று பேசினார். வழக்கமாகக் கைதட்டும் பழக்கமே இல்லாத அந்த மன்றத்தில், அவர் பேசி முடித்ததும் கைதட்டல் எழுந்தது.

கல்லாப் பெண்: அப்படியென்றால் நம் பத்திரிகைகள் அந்தப் பேச்சை வரிக்கு வரி எடுத்து வைத்துக்கொண்டு, இது சரி, இது தவறு என்று அலசியிருக்குமே?

சமையல்காரர்: நன்றாக அலசின! நியூயார்க் போஸ்ட் என்ன செய்தது தெரியுமா? பாதுகாப்பு அவைப் படத்தை எடுத்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய இரு நாட்டுப் பிரதிநிதிகளின் கழுத்துக்கு மேலே மரநாயின் தலையை ஒட்டி முதல் பக்கத்தில் வெளியிட்டது. ஆங்கிலத்தில் அந்த விலங்கின் பெயர், தக்க நேரத்தில் நழுவிவிடுகிறவனைத் திட்டுகிற சொல்லும் ஆயிற்றே.

கல்லாப் பெண்: நல்ல ஏற்பாடுதான். மனிதத் தலையை வைத்திருந்தால் அது சொன்னதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்; மரநாயோடு யார் வாதம் செய்யப்போகிறார்கள்?

சமையல்காரர்: அதே மாதத்தில் நார்மண்டியில் இருக்கும் நம் வீரர்களின் கல்லறைகளை முதல் பக்கத்தில் போட்டு, இவர்கள் பிரான்சுக்காக உயிரைக் கொடுத்தார்கள், பிரான்ஸ் மறந்துவிட்டது என்றும் எழுதினார்கள். அதோடு, பாலாடைக்கட்டி தின்று சரணடையும் குரங்குகள் என்று ஒரு வசை ஊரெல்லாம் சுற்றியது. அந்த வசையின் பூர்வீகத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். 1995-இல் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில், பள்ளிக்கூடத்தில் பணமில்லாததால், ஸ்காட்லாந்துக்காரரான தோட்டக்காரரைப் பிரெஞ்சு வகுப்பு எடுக்க அனுப்புகிறார்கள். அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் சொல்லும் வணக்கம் அது.

கல்லாப் பெண்: அதாவது, செலவைக் குறைக்க வந்த தோட்டக்காரரின் கருத்தை வெளிநாட்டு விவகார நிபுணர்கள் எட்டு ஆண்டுகள் கழித்துக் கடன் வாங்கினார்கள்.

சமையல்காரர்: சமையலறை வழக்கப்படி சொல்கிறேன். அவர்கள் புதிதாக எதையும் சமைக்கவில்லை. வட்டத் தொப்பி, ஒயின் கோப்பை, பாலாடைக்கட்டி, வெள்ளைக்கொடி எல்லாம் முன்பே குளிர்பெட்டியில் இருந்தன, சுடவைத்துப் பரிமாறினார்கள்.

கல்லாப் பெண்: வெள்ளைக்கொடி என்றால் 1940-இல் ஜெர்மனியிடம் ஆறே வாரத்தில் தோற்றதைச் சொல்கிறார்களா?

சமையல்காரர்: ஆமாம், அந்த ஆறு வாரம் அவர்களுக்கு மனப்பாடம். அதற்கு முந்திய உலகப் போரில் 13 லட்சத்துக்கும் அதிகமான பிரெஞ்சு வீரர்கள் செத்ததும், வெர்டன் என்ற ஒரே இடத்தில் பத்து மாதம் விடாமல் நின்று போரிட்டதும் குளிர்பெட்டியில் கிடையாது. சரணடைவதைப் பற்றிப் பேசுவதானால் 1781-ஐயும் பேச வேண்டும். நம் விடுதலைப் போரில் யார்க்டவுனில் சரணடைந்தவர் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். கடல் வழியை அடைத்து அவரைத் தப்பவிடாமல் செய்தது பிரெஞ்சுக் கப்பற்படை. அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால், இந்த அவையும் இருந்திருக்காது, நான் இந்த முக்காலியில் ஏறியும் இருக்க மாட்டேன்.

கல்லாப் பெண்: இறங்கும்போது பார்த்து இறங்குங்கள், ஐயா, வரலாற்றின் மேல் நிற்கிறீர்கள்.

சமையல்காரர்: இன்னும் கேள். அவை கூடும் மண்டபத்தில் சபாநாயகர் மேடைக்கு ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன் படம். மறு பக்கம் யார் படம்?

கல்லாப் பெண்: லிங்கனா?

சமையல்காரர்: லஃபாயெத். அதே விடுதலைப் போரில் நம் பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுப் பிரபு. உறுப்பினர்கள் தினமும் அவர் முகத்தில் விழித்துவிட்டு, கீழே வந்து கிழங்கிலிருந்து பிரான்சைத் துரத்தினார்கள். ஒட்டுத்தாளோடு அந்தப் படத்தின் பக்கம் ஒருவரும் போகவில்லை. இந்த ஊரின் தெருக்களை வரைந்து கொடுத்த லான்ஃபானும் பிரெஞ்சுக்காரர்தான். அதற்காக யாரும் வண்டியை வயலில் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வரவில்லை.

கல்லாப் பெண்: எங்களை எதிர்த்தால் உணவின் பெயரை மாற்றுவோம் என்பது விதியென்றால், எதிர்த்த எல்லா நட்பு நாட்டுக்கும் அது பொதுவாகத்தானே இருக்க வேண்டும்?

சமையல்காரர்: அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. நம் படை தன் மண்ணின் வழியாக ஈராக்குக்குப் போகலாமா என்று துருக்கி நாடாளுமன்றம் அதே மார்ச் 1-ஆம் தேதி வாக்கெடுத்தது. ஆதரவாக 264 பேர், எதிராக 250 பேர்; ஆனால் 19 பேர் ஒரு பக்கமும் சேராததால், வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் என்ற கணக்கு எட்டவில்லை, தீர்மானம் விழுந்தது. பிரான்ஸ் கொடுக்க மறுத்தது ஒப்புதலை. துருக்கி மூடியதோ வழியையே. அந்த நாட்டுக்கும் வான்கோழிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். வான்கோழி சாண்ட்விச் தினமும் இந்தப் பலகையில் என் கண் முன்னால் இருந்தது. அதில் ஒட்டுவதற்கு ஒரு துண்டுத் தாளோடு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

கல்லாப் பெண்: துருக்கியரைப் பற்றிக் குளிர்பெட்டியில் தயாராக ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

சமையல்காரர்: இருந்திருந்தால் வான்கோழியும் விடுதலை பெற்றிருக்கும்.

கல்லாப் பெண்: இந்தக் கடுகுச் சாந்து பாட்டிலில் பெரிய எழுத்தில் 'ஃபிரெஞ்ச்ஸ்' என்றிருக்கிறதே, இது எப்படித் தப்பியது?

சமையல்காரர்: அது அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் பெயர். எங்களிடம் பிரெஞ்சாக இருப்பது பெயர் மட்டுமே என்று அந்த நிறுவனம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. நல்ல வேளை, கடுகுக்கு வாய் இருந்தது, கிழங்குக்கு இல்லை.

கல்லாப் பெண்: பிரெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்களா?

சமையல்காரர்: மிக முக்கியமான பிரச்சினைகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம், உருளைக்கிழங்குக்கு நீங்கள் வைக்கும் பெயரில் எங்கள் கவனம் இல்லை என்று அவர்கள் தூதரகம் சொல்லிவிட்டது. இந்த வறுவல் பெல்ஜியத்துச் சரக்கு என்றும் நினைவூட்டினார்கள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை, அம்மா. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுநாளே 'நாம் எல்லாரும் அமெரிக்கர்கள்' என்று தலைப்புப் போட்டது பாரிசின் லு மோந்த் நாளிதழ். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அவர்கள் வீரர்கள் ஆப்கானிஸ்தானில் நம்மவர்களோடுதான் இருந்தார்கள்.

கல்லாப் பெண்: பெயரை மாற்றியவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?

சமையல்காரர்: ஜோன்ஸ் சென்ற ஆண்டே, அது நடக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு என் சட்டி வரைக்கும் கேமரா வரவில்லை.

(தாள் பாதி கிழிந்து வருகிறது. கதவு திறக்கிறது, ஓர் அலுவலக உதவியாளர் தட்டோடு வந்து நிற்கிறார்.)

கல்லாப் பெண்: ஐயா, முதல் ஆள் வந்துவிட்டார். இப்போது எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்?

சமையல்காரர்: மூன்று ஆண்டுகளாக எல்லாரும் கேட்டதைத்தான் கேட்பார். காதைக் கொடு.

உதவியாளர்: ஒரு ஃப்ரைஸ்.

சமையல்காரர்: கேட்டாயா? சரி, முக்காலியை அந்தப் பக்கம் நகர்த்து; 'ஃப்ரீடம் டோஸ்ட்' இன்னும் மிச்சம் இருக்கிறது.