சாப்பாட்டில் கலந்த மறதி

‘ஹோம்கமிங்’ தொடரின் முதல் சீசனைப் போன கிழமை இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். 2018இல் அமேசான் பிரைமில் வந்தது. நான் எதையும் பிந்தித்தான் பார்க்கிற ஆள். அரைமணிப் பகுதிகள் பத்துத்தான், நித்திரை முழிப்பு பெரிதாகத் தெரியவில்லை. கதையைச் சொல்லப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிற்பாட்டலாம்.

போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை ஒரு நிலையத்தில் தங்கவைக்கிறார்கள். வீட்டு வாழ்க்கைக்குப் பழக்குகிறோம் என்பது வெளிப்பேச்சு. உள்ளே, கன்ரீன் சாப்பாட்டில் மருந்தைக் கலந்து, பட்ட கொடுமைகளின் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறார்கள். ஆளைச் சுகப்படுத்த இல்லை, திரும்பவும் போருக்கு அனுப்ப. ஜூலியா ரொபேர்ட்ஸ் அங்கே ஆலோசகர். விசயம் விளங்கியதும், தன்னிடம் வரும் வோல்ட்டர் என்ற பொடியனுக்கு அதே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறார், இனி எந்தப் போருக்கும் உதவாத அளவுக்கு மறக்கட்டும் என்று. தானும் கூட இருந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். பிறகு பார்த்தால் ஒரு சாப்பாட்டுக்கடையில் பரிமாறிக்கொண்டு நிற்கிறார், முந்தி என்ன வேலை செய்தேன் என்றே தெரியாமல்.

நினைவை அழிக்கிற கதைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஒருவன் மறந்தால் லாபம் யாருக்கு என்று இவ்வளவு நேராகக் கேட்ட தொடரை நான் வேறு பார்க்கவில்லை.

அடுத்த நாள் குசினியில் பெரியம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சுளகில் நெத்தலியைப் பரப்பி வைத்துத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“சாப்பாட்டிலயோ போடுறாங்கள்? கறி ருசி மாறாதே?”

“அப்பிடி ஒண்டு தந்தா நீங்கள் சாப்பிடுவீங்களோ பெரியம்மா?”

நாலைந்து தலை கிள்ளும் வரைக்கும் பதில் இல்லை. அப்புறம் சொன்னார்: “எதையெண்டு மறக்கிறது தம்பி? வட்டுவாகல் பாலத்தை மறந்தா அவன்ர முகமும் சேர்ந்தெல்லோ போகும்.”

அவரின் மகனான அண்ணாவை அவர் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற அந்தப் பாலம் தாண்டி வந்த பிறகு. உயிரோடு இருந்ததிலேயே பொல்லாத நாளும் மகனைக் கடைசியாகப் பார்த்த நாளும் அவருக்கு ஒன்றுதான். தொடர் எழுதுகிறவர்கள் நெல்லில் பதரைப் புடைப்பதுபோலக் கெட்ட நினைவைத் தனியே புடைத்து எறியலாம் என்றுதான் பெரும்பாலும் கதை கட்டுகிறார்கள். வன்னியில் எந்த வீட்டிலும் அந்தச் சுளகு வேலை செய்யாது.

‘செவரன்ஸ்’ இதில் கொஞ்சம் விசயம் தெரிந்த தொடர். 2022இல் ஆப்பிளில் தொடங்கியது. மனைவி இறந்த துக்கம் தாங்காத மார்க், மூளையில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்திக்கொண்டு வேலைக்குப் போகிறான். அலுவலகத்துக்குள் வெளி வாழ்க்கை ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒருநாள் உள்ளே களிமண்ணைக் கொடுத்து, மனதில் உள்ளதைச் செய் என்கிறார்கள். அவன் கை ஒரு மரத்தைச் செய்கிறது. வெளியே, மனைவியின் விபத்து நடந்த இடத்தில் நிற்கும் மரம். அந்தக் காட்சியில் எனக்குப் பெரியம்மாதான் வந்தார். ஹெலி சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடுப்பில் இருக்கிற பானையை முதலில் மூடுவார், மண் விழும் என்று. மூடிவிட்டுத்தான் ஏன் மூடினேன் என்று யோசிப்பார்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். நினைவை மாற்ற மருந்தும் வேண்டாம், சில்லும் வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாலே போதும். 2000ஆம் ஆண்டு நியூயோர்க்கில் கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் எலிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சத்தம் கேட்டால் கரண்ட் அடிக்கும் என்று பழகிய எலிக்கு அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க வைத்து, உடனே மூளைக்குள் ஒரு மருந்தை ஏற்றினார்கள். பயம் போய்விட்டது. சத்தத்தைக் கேட்க வைக்காமல் மருந்தை மட்டும் ஏற்றினால் போகவில்லை. அதாவது ஒரு நினைவை வெளியே எடுக்கிற நேரத்தில் அது இளகிவிடுகிறது, பிறகுதான் மறுபடி இறுகுகிறது. இளகிய நேரத்தில் எது ஒட்டும், எது உதிரும் என்பது நம் கையில் இல்லை.

அண்ணாவைத் தேடிப் பெரியம்மா இதுவரை எத்தனை விசாரணைக்குப் போயிருப்பார்? ஆணைக்குழுக்கள், அலுவலகங்கள், படிவங்கள். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அங்கேயும் படத்தோடு போய் இருந்தார். எங்கே போனாலும் அண்ணா கடைசியாகப் போட்டிருந்த சேட்டு வரைக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒருமுறை ஓர் அதிகாரி பழைய கடதாசியைப் பார்த்துவிட்டு, “அண்டைக்கு நீலச் சேட்டு எண்டீங்கள், இப்ப சாம்பல் எண்டுறீங்களே” என்று கேட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெரியம்மா சாப்பிடவில்லை. தன் பிள்ளையைத் தானே மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். பொய் சொல்கிறவர் ஒரே நிறத்தைப் பாடமாக்கி வைத்திருப்பார் என்பது அந்த மேசைக்குத் தெரியவில்லை.

2011இல் வந்த ‘பிளாக் மிரர்’ பகுதி ஒன்றில் காதுக்குப் பின்னால் தானிய மணி போல ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள், பார்த்ததெல்லாம் பதிவாகும், ஓட்டிக் காட்டலாம். அது இருந்தால் சேட்டு நிறம் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தக் கதாநாயகன் கடைசியில் தானே அதை வெட்டி எடுக்கிறான், அது வேறு கதை.

அண்ணாவைக் கடைசியாகக் கண்டபோது எனக்கு ஒன்பது வயது. என் ஞாபகத்தில் அது வெள்ளைச் சேட்டு. அம்மா கோடு போட்ட சேட்டு என்கிறார். மூன்று பேருக்கு மூன்று சேட்டு. ஆனால் அண்ணாவின் தோளில் கிடந்த உரப்பையை மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். தொடர்களில் எப்போதும் ஒரு தலை, ஒரு சில்லு. எங்கள் வீட்டில் பெரியம்மாவிடம் உதிர்ந்தது அம்மாவிடம் கிடக்கும், அம்மாவிடம் உதிர்ந்தது என்னிடம்.

போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் குடித்ததை நினைத்து, இந்த மேயிலும் சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம். அரிசி, தண்ணீர், உப்பு. அகப்பையோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா, அப்போது கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டார்கள் என்றார், தனக்கு நல்ல ஞாபகமாம்.

“தேங்காய்க்கு எங்கயடி போறது அங்க, விசரே உனக்கு?” என்றார் பெரியம்மா.

“இல்லை மாமி, ஒருநாள் விட்டவை. நான் குடிச்சனான்.”

பெரியம்மா யோசித்தார். சிரட்டையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “உப்பும் இவ்வளவு இல்லை” என்றார்.