விற்ற நிலையத்தை நடத்துவது யார்?

இணையும் தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களில் சிலவற்றை விற்றுவிட்டாலே போட்டி காக்கப்பட்டுவிடும் என்ற கட்டுரையாளரின் வாதத்தை ஏற்க இயலவில்லை. யாருக்கு, எந்த நிபந்தனைகளோடு விற்கப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2017-இல் டிரிப்யூன் மீடியா என்ற தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்க முன்வந்த அதே துறையின் சின்க்ளேர் நிறுவனம், ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாட்டின் தொலைக்காட்சி வீடுகளில் 39 சதவீதத்துக்கு மேல் சென்றடையக் கூடாது என்ற உச்சவரம்பைத் தாண்டாமலிருக்க, சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். நிலையத்தை 6 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்க இருந்தவரோ சின்க்ளேர் தலைவரின் தொழில் கூட்டாளி; ஒளிபரப்புத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர்; விற்ற பிறகும் நிலையத்தின் பெரும்பாலான பணிகளைச் சின்க்ளேரே கவனிக்கவும், பின்னாளில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் இடமிருந்தது. 2018 ஜூலையில் அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் இந்த இணைப்பை விசாரணைக்கு அனுப்பியது மிகச் சரியான முடிவு. அடுத்த மாதமே டிரிப்யூன் இணைப்பிலிருந்து விலகிக்கொண்டது.

ஆனால் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. பின்னர் டிரிப்யூனை வாங்கிய நெக்ஸ்டார் நிறுவனம், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். நிலையத்தை 2019-இல் ஸ்கிரிப்ஸ் என்ற மற்றொரு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்றபோது, திரும்ப வாங்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவ்வுரிமை, நெக்ஸ்டாரின் கூட்டாளியான மிஷன் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு, 2020 இறுதியில் நிலையமும் அதன் கைக்குச் சென்றது. நடத்தும் பொறுப்பு நெக்ஸ்டாரிடம் வந்து சேர்ந்தது. ஆகவே, திரும்ப வாங்கும் உரிமையும், விற்றவரே நிலையத்தை நடத்தும் சேவை ஒப்பந்தங்களும் உள்ள எந்த விற்பனையையும் உண்மையான விற்பனையாகக் கணக்கிடக் கூடாது என்று இணைப்புக்கான அனுமதி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.