ஐந்துக்கு நாலரை மதிப்பெண் வாங்கிய வகுப்பில் என்ன கற்றார்கள்?

மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி படிக்கிற மாணவர்களிடம் "ஆன்லைன் வகுப்பு பிடித்ததா, நேரடி வகுப்பு பிடித்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். வருகிற சராசரியை வைத்துப் பாடத்திட்டத்தையே மாற்றுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிடித்திருப்பது வேறு, கற்றிருப்பது வேறு.

1973-இல் வெளியான 'டாக்டர் ஃபாக்ஸ்' ஆய்வை நினைத்துப் பாருங்கள். பொருளே இல்லாத உரையை ஒரு நடிகர் விறுவிறுப்பாகப் பேசினார். கேட்டவர்கள் மனநலத் துறையினரும் கல்வியாளர்களும். நல்ல மதிப்பெண் போட்டார்கள். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இதன் மறுபக்கம் தெரிந்தது. தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்த மாணவர்கள், உரையைக் கேட்டு மட்டும் இருந்தவர்களைவிடத் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளை உழைத்த களைப்பு அவர்களுக்குக் குறையாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே திறன் திறனாகப் பிரித்துத்தான் கேட்க வேண்டும். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியான சிபிஆரை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். வேகத்தைத் திரையில் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். ஆழம் கைக்குத்தான் தெரியும். தலையணையில் பழகியவருக்கு அது பிடிபடாது. கேமராவில் முழங்கை மடங்குவது தெரியும். ஆனால் களைத்த கை மார்பின் மேலேயே சாய்ந்து கிடப்பதை அளவு காட்டும் மேனிகின் (பயிற்சி பொம்மை) இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம்.

இதய ஒலிகள் கதை வேறு. மூன்றாம், நான்காம் ஒலிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் சரியாக வராது. போதாததற்கு, வீடியோ அழைப்பின் இரைச்சல் நீக்கும் வசதி பேச்சல்லாத ஒலியை வடிகட்டப் பார்க்கும். இதயத்தில் ரத்தம் சுழித்து ஓடும்போது கேட்கும் இரைச்சலான மர்மரும் அதோடு போய்விடும். மாணவர் "ஆன்லைன் புரியவில்லை" என்று எழுதுவார், பழி பாட முறை மேல் விழும். ஒலிக்கோப்பை முன்கூட்டியே அனுப்பி, காதை மூடும் ஹெட்போனில் கேட்க வையுங்கள். ஒலியை இனம்காணும் அளவில், ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் முண்டியடிப்பதைவிட இது மேல். ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் உடம்பு வேண்டும்.

இசிஜி, திசு ஸ்லைடுகளுக்குத் திரையே போதும். பெரிதாக்கிப் பார்க்கலாம், நிறுத்தலாம்.

நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லப் பழகுவது திரையில் பெரிதும் அடிபடுகிறது. அங்கே மௌனம் ஒரு திறமை. வீடியோவில் மூன்று நொடி மௌனம் வந்தால் "கேட்கிறதா?" என்று ஒருவர் குறுக்கிடுவார்.

மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் படிவத்தில் பயண நேரம், பதிவை மறுபடி பார்க்கும் வசதி ஆகியவற்றுக்குத் தனிக் கேள்வி வையுங்கள். அவையும் நியாயமான காரணங்கள்தாம், ஆனால் கற்றலோடு கலக்கக் கூடாது. வகுப்பு முடிந்ததும் ஒரு முறை, வார்டு பயிற்சிக்குப் பின் இன்னொரு முறை கேளுங்கள். அந்த விடைகளை ஆஸ்கி (திறன்களைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) மதிப்பெண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. படிவத்தின் லிங்கை வகுப்பின் கடைசியில் சாட்டில் போடுகிறார்கள். பாதியில் இணைப்பு அறுந்து போனவர்தான் அதிகம் சொல்ல வேண்டியவர். அவர் கண்ணில் அது படுவதே இல்லை. அடுத்த நேரடி வகுப்பில் எல்லோருக்கும் தாளில் கொடுங்கள், பெயர் கேட்காதீர்கள்.